ஒன்பது வயது மகளுக்கு இன்னும் பூஸ்டர் சீட் தேவையா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு ஒன்பது வயது; உயரம் 131 செ.மீ., எடை 27 கிலோ. வாரந்தோறும் குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் உள்ள பாட்டி வீட்டுக்குக் காரில் போய்வருகிறார்கள். காரின் பெல்ட் சரியாகப் படிய குழந்தையை உயர்த்தி உட்கார வைக்கும் துணை இருக்கைதான் பூஸ்டர் சீட். வகுப்பில் வேறு யாரும் அதில் உட்காருவதில்லை என்று மகள் வெட்கப்படுகிறாள். மலைப்பாதையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுவதே இல்லை, இனி எதற்கு இது என்கிறார் கணவர். எந்த வயதில் நிறுத்தலாம், அந்தச் சீட்டை நான்கு வயது மகனுக்குக் கொடுத்துவிடலாமா என்பது கேள்வி.

வயது என்று கேட்டிருந்தாலும் அவர் அறிய விரும்புவது இதைத்தான்: காரோடு வந்த சீட் பெல்ட், வேறு துணை இல்லாமல், இந்தக் குழந்தையைக் காப்பாற்றுமா? பிறந்த தேதியை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பெல்ட் உடம்பில் எங்கே படுகிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நான் எலும்பு முறிவு மருத்துவர். பல ஆண்டுகள் சமவெளியில் பணியாற்றிவிட்டு இப்போது நீலகிரியில் இருக்கிறேன். வாகனப் பொறியியல் படித்தவன் அல்லன். எனவே எலும்பைப் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பற்றிச் சொல்வதை உங்கள் காரின் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 131 செ.மீ. உயரத்தில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பெரியவர்களின் பெல்ட் சரியாகப் பொருந்தாது. உங்கள் மகளுக்கும் இன்னும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பூஸ்டர் தேவைப்படும் என்றே நினைக்கிறேன்.

ஏன் என்று தெரிந்தால் வெட்கப்படும் மகளுக்கும் வாதாடும் கணவருக்கும் நீங்களே விளக்கிவிடலாம். மடியின் குறுக்கேயும் தோளின் மேலும் படியும், இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்றுமுனை பெல்ட்டை 1959இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். வளர்ந்த மனிதரின் உடம்பை வைத்து வந்த வடிவம் அது. மோதலின்போது அந்தப் பெல்ட் உடம்பின் உறுதியான எலும்புகளைப் பிடித்து நிறுத்த வேண்டும்: கீழே இடுப்பெலும்பு, மேலே தோளின் முன்பக்கம் இருக்கும் காறை எலும்பும் மார்புக்கூடும். உங்கள் இடுப்பின் இரண்டு பக்கமும் முன்னால் தடவிப் பாருங்கள், ஒரு எலும்பு முனை தட்டுப்படும். மடிமீது வரும் பெல்ட் அந்த முனைகளுக்குக் கீழே சிக்கிக்கொள்வதால்தான் வயிற்றுக்கு ஏறாமல் நிற்கிறது. குழந்தைகளுக்கு அந்த முனை இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. ஏறத்தாழ பத்து வயது வரை அது மழுங்கலாகவே இருக்கும். பெல்ட்டுக்குப் பிடி கிடைக்காமல் மேலே வழுகி, எலும்பே இல்லாத வயிற்றில் அழுந்துகிறது.

அப்படி அழுந்தினால் என்ன நடக்கும் என்பது மருத்துவ உலகம் நீண்ட காலமாக அறிந்த செய்தி. 1962லேயே ‘சீட் பெல்ட் சின்ட்ரோம்’ என்று பெயரிட்டு எழுதிவிட்டார்கள். உடம்பு பெல்ட்டின் மேல் மடிந்து முன்னால் பாய்கிறது. குடலும் குடலைத் தாங்கும் சவ்வும் பெல்ட்டுக்கும் முதுகெலும்புக்கும் இடையில் நசுங்குகின்றன. கீழ்முதுகின் எலும்பு குறுக்குவாட்டில் பிளக்கிறது. இந்த முறிவை 1948இல் விவரித்த சான்ஸ் என்ற மருத்துவரின் பெயரால்தான் இன்றும் அதைச் சான்ஸ் முறிவு என்கிறோம். பெல்ட் போட்டதால் வந்த காயம் என்று சிலர் பெல்ட்டையே குறை சொல்வார்கள். பெல்ட் இல்லாத குழந்தை வண்டிக்குள்ளேயே தூக்கி எறியப்படும், அல்லது வெளியே போய் விழும். அது இதைவிடக் கொடியது. குறை பெல்ட் படும் இடத்தில் இருக்கிறது. பூஸ்டர் செய்யும் வேலை எளியது. குழந்தையைச் சற்று உயர்த்தி, பெல்ட்டைத் தொடைக்கும் தோளுக்கும் கொண்டுவந்து சேர்க்கிறது.

இன்னொரு வேலையையும் அது செய்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. காரின் பின்னிருக்கை பெரியவர்களின் தொடை நீளத்துக்குத் தைக்கப்பட்டது. குழந்தை முதுகைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் மடங்க இடமிருக்காது. கால்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். அது சங்கடமாக இருப்பதால் ஐந்து நிமிடத்தில் குழந்தை இடுப்பை முன்னால் தள்ளிச் சரிந்து உட்காரும். சரிந்தவுடன் மடிப் பெல்ட் வயிற்றுக்குப் போய்விடும். பூஸ்டரின் தட்டு குட்டையாக இருப்பதால் முழங்கால் இயல்பாக மடங்கும், சரிய வேண்டிய தேவையே எழாது.

இனிச் சோதனைக்கு வருவோம். பூஸ்டரை எடுத்துவிட்டு மகளை உங்கள் காரின் பின்னிருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். முதுகு முழுவதும் சாய்மானத்தில் படுகிறதா என்று பாருங்கள். அப்படிப் பட்டிருக்கும்போதே முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்கித் தொங்க வேண்டும். பாதம் தரையைத் தொட்டால் இன்னும் நல்லது. மடிப் பெல்ட் தொடையின் மேற்பகுதியை ஒட்டித் தாழ்ந்து போக வேண்டும். தொப்புளுக்கு அருகில் வந்தால் தோல்வி. தோள் பெல்ட் கழுத்துக்கும் கைக்கும் நடுவே, தோளின் மையத்தில் படிய வேண்டும். இந்த நான்கும் பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். ஐந்தாவதுதான் கடினம்: பயணம் முழுவதும் அப்படியே உட்கார்ந்திருக்க முடிகிறதா என்பது. வாசலில் நிற்கும் காரில் எந்தக் குழந்தையும் இரண்டு நிமிடம் நேராக உட்காரும். ஆகவே அந்த ஐந்தாவது கேள்விக்கு வழியில்தான் விடை தேட வேண்டும். இப்போது பூஸ்டரில் போகும்போதே கவனியுங்கள்: அரவேனு தாண்டி வளைவுகளில் இறங்கி, குஞ்சப்பனையில் வண்டியை ஓரம் கட்டும்போது மகள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள்? பெல்ட்டைக் கைக்கு அடியில் தள்ளியிருக்கிறாளா, கதவில் சாய்ந்து கிடக்கிறாளா, இல்லை நேராக இருக்கிறாளா? பூஸ்டரிலேயே நேராக இருக்க முடியாதவள் அது இல்லாமல் இருக்கப்போவதில்லை.

இந்தச் சோதனையை ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். உங்கள் காரில் தேறிய குழந்தை தாத்தாவின் பழைய காரில் தோற்கலாம். இருக்கையின் ஆழமும் பெல்ட் தொடங்கும் உயரமும் வண்டிக்கு வண்டி மாறும்.

உயரத்துக்கு ஓர் எண் வேண்டுமென்றால், அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்வது 4 அடி 9 அங்குலம், அதாவது ஏறத்தாழ 145 செ.மீ. பெரும்பாலும் 8 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில் குழந்தைகள் அதை எட்டுவார்கள் என்கிறார்கள். அந்த எட்டு என்ற கீழ்வரம்பை நம் ஊர்க் குழந்தைகளுக்கு நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் பெண் குழந்தைகளின் நடுத்தர உயரம் 145 செ.மீ. ஆவது 11 வயதில். ஆண் குழந்தைகளுக்கு அதற்கும் சில மாதங்கள் கழித்து. உங்கள் மகளின் வயதில் ஆண்டுக்கு 5 அல்லது 6 செ.மீ. வளர்ச்சி இயல்பு, பூப்பெய்தும் காலத்தை ஒட்டி அது வேகம் பிடிக்கும். இரண்டு ஆண்டுகள் என்று நான் சொன்னது இந்தக் கணக்கில்தான்.

145 என்பதைக் கல்லில் செதுக்கிய எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாடுகளே ஒத்துப்போகவில்லை: பிரிட்டனில் 135 செ.மீ. அல்லது 12 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஜெர்மனியில் 150 செ.மீ. அல்லது 12 வயது. 15 செ.மீ. வேறுபாடு! குழந்தையின் எலும்பு எல்லை தாண்டினால் மாறிவிடுவதில்லை. சட்டம் எழுதுகிறவர்களுக்கு ஏதோ ஓர் இடத்தில் கோடு போட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். உறுதியானது ஐந்து சோதனைகளும் அவற்றின் பின்னால் இருக்கும் உடற்கூறும். எண்ணை ‘இனிச் சோதித்துப் பார்க்கலாம்’ என்பதற்கான நினைவூட்டலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நம் சட்டம் என்ன கேட்கிறது என்று பலரும் குழம்புகிறார்கள். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தைக்குச் சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. அந்த ‘அல்லது’ முக்கியம். பூஸ்டர் இல்லாமல் பெல்ட் மட்டும் போட்டிருந்தால் அபராதம் விழாது. ஆனால் அபராதம் இல்லை என்பதற்காகப் பெல்ட் தொப்புளிலிருந்து தொடைக்கு இறங்கிவிடாது.

கணவரின் வாதத்துக்கு வருகிறேன். மலையில் மெதுவாகத்தானே போகிறோம் என்பது பாதி உண்மை. வளைவுகளில் இரண்டாவது கியரில் ஊர்ந்துதான் போகிறோம். ஆனால் கல்லாற்றுப் பாதையானாலும் கோத்தகிரிப் பாதையானாலும் இடையிடையே நேரான துண்டுகள் உண்டு, அங்கே எல்லோருடைய காலும் அழுத்தும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி சுவரில் மோதி நிற்பதும், ஆறு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்திலிருந்து தரையில் விழுவதும் இயற்பியல் கணக்கில் ஒன்றே. இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடியை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு, உங்கள் கணவர் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் எதிரில் வருபவரின் வேகம் அவர் கையில் இல்லை. சீசனில் கீழிருந்து வரும் வண்டிகள் இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து மிதித்து, அது சூடேறிப் பிடிக்காமல் போகும் கதை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பயணம் மேட்டுப்பாளையத்தில் முடிவதில்லை. காரமடை தாண்டிக் கோவை வரை சமவெளிச் சாலை. அங்கே யாரும் முப்பதில் போவதில்லை. மலையில் மட்டும் பூஸ்டர் வேண்டாம், கீழே போனதும் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் செய்யப்போவதும் இல்லை.

மகளின் வெட்கத்தை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஒன்பது வயதில் தோழிகள் சொல்வதுதான் வேதம். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. நீங்கள் குறிப்பிடுவது உயர்ந்த முதுகும் பக்கவாட்டுக் காதுகளும் உள்ள சீட் என்றால், அதற்குப் பதிலாக முதுகில்லாத பூஸ்டர் ஒன்று வாங்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணில் படவே படாது. ஐரோப்பியத் தரவிதிகள் புதிதாக வரும் முதுகில்லாத பூஸ்டர்களை 125 செ.மீ. உயரத்துக்கு மேல்தான் அனுமதிக்கின்றன. உங்கள் மகள் அந்த அளவைத் தாண்டிவிட்டாள். முதுகுள்ளது உயர்வா, இல்லாதது போதுமா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒருமுகமாக இல்லை. 2009இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், பூஸ்டரில் இருந்த 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்கு, பெல்ட் மட்டும் போட்டவர்களைவிடக் காயமடையும் வாய்ப்பு 45 விழுக்காடு குறைவாக இருந்தது. இரு வகைப் பூஸ்டர்களுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தென்படவில்லை. பக்கவாட்டு மோதலில் தலைக்கு முதுகுள்ளது உதவும் என்பதற்குத் தர்க்கம் இருக்கிறது. என் சொந்த எண்ணம்: பகலில் விழித்திருந்து போகும் பயணத்துக்கு முதுகில்லாதது போதும், இரவில் தூங்கிக்கொண்டு மலையேறும் பயணத்துக்குப் பழையதே நல்லது. வளைவுக்கு வளைவு தலை ஆடிச் சரியும்போது அந்தக் காதுகள் உடம்பைப் பெல்ட்டுக்குள்ளேயே வைத்திருக்கும்.

அந்த 45 விழுக்காட்டை அப்படியே நம் மலைக்குக் கொண்டுவர முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அவை அமெரிக்கச் சாலைகள், அமெரிக்க வண்டிகள். பெரும்பாலும் வண்டியோடு வண்டி மோதிய விபத்துகள். பள்ளத்தில் உருளும் வண்டியில் பூஸ்டர் எவ்வளவு கூடுதலாக உதவும் என்று அந்த எண் சொல்லாது. ஆனால் உருளும் வண்டியில் குழந்தை பெல்ட்டை விட்டு நழுவாமல் இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் முதல்படி. சரியாகப் பொருந்திய பெல்ட்டிலிருந்து நழுவுவது கடினம்.

மலையில் வாழ்கிறவர்களுக்கு மட்டுமே உரிய சில தொல்லைகள் உண்டு. வெளிநாட்டுக் கையேடுகளில் அவற்றை இந்த வரிசையில் காண முடியாது. முதலாவது ஜெர்க்கின். காலை ஆறு மணிக் குளிரில் பஞ்சு அடைத்த தடித்த ஜெர்க்கினைப் போட்டு, அதன்மேல் பெல்ட்டை மாட்டுகிறோம். இறுக்கமாகத்தான் தெரியும். மோதலில் அந்தப் பஞ்சு நொடியில் அமுங்கிவிடும், பெல்ட்டுக்கும் உடம்புக்கும் இடையில் பெரிய தொய்வு விழும். மெல்லிய ஸ்வெட்டரோடு பெல்ட்டைப் போட்டுவிட்டு, ஜெர்க்கினையோ சால்வையையோ மேலே போர்த்திவிடுங்கள். குஞ்சப்பனை தாண்டிக் கீழே இறங்கும்போது எப்படியும் கழற்றத்தானே போகிறாள்.

இரண்டாவது வாந்தி. கொண்டை ஊசி வளைவில் வயிறு புரட்டும் குழந்தையை முன்னிருக்கையில் உட்கார வைப்பது நம் வழக்கம். 13 வயதுக்குள் பின்னிருக்கைதான் பாதுகாப்பு. முன்னால் இருக்கும் ஏர்பேக் பெரியவர்களின் உடம்பை எதிர்பார்த்து வெடிக்கிறது. குமட்டல் வருவதற்குக் காரணம், காது உணரும் அசைவைக் கண் பார்க்காமல் இருப்பது. பூஸ்டரில் உயர்ந்து உட்காரும் குழந்தைக்குச் சாலையும் தேயிலைத் தோட்டமும் கண்ணுக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டால் முன்சீட்டின் முதுகுதான் தெரியும். வெட்கப்படும் மகளிடம் பேசுவதற்கு இது என் உடற்கூற்று விளக்கத்தைவிட நல்ல காரணம். கைப்பேசியையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிட்டு ஜன்னலைச் சற்றுத் திறந்துவிடுங்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதாக இருந்தால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் அளவு கேட்டுக் கொடுங்கள். பலவற்றுக்குத் தூக்கம் வரும், தூங்கும் குழந்தை சரியும், அப்போது முதுகுள்ள சீட்தான் வேண்டும்.

மூன்றாவது, சரிவில் நிறுத்திய வண்டியில் பெல்ட் வெளியே வர மறுப்பது. பழுதாகிவிட்டதென்று பயப்பட வேண்டாம். வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்தால் பூட்டிக்கொள்ளும்படி உள்ளே ஓர் அமைப்பு இருக்கிறது, அது தன் வேலையைச் செய்கிறது. முடிந்தால் சமமான இடத்தில் வண்டியை நிறுத்தி மாட்டுங்கள். இழுத்து இழுத்துச் சலித்துப்போய் ‘கீழே போய்ப் போட்டுக்கொள்ளலாம்’ என்று கிளம்புவதுதான் ஆபத்து.

பூஸ்டருக்குப் பதிலாகத் தலையணையோ மடித்த கம்பளியோ வேண்டாம். அமுங்கும், வழுகும், பெல்ட்டைத் தாழ்த்திப் பிடிக்கும் கொம்பும் அதில் கிடையாது. கழுத்தில் உரசாமல் இருக்கத் தோள் பெல்ட்டைக் கீழே இழுத்துக் கோக்கும் கிளிப்புகள் இணையத்தில் மலிவாக விற்கின்றன. அவை தோள் பெல்ட்டை இறக்கும் அதே நேரத்தில் மடிப் பெல்ட்டை வயிற்றுக்கு ஏற்றிவிடக்கூடும். நான் பரிந்துரைக்க மாட்டேன். தோள் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் தள்ளுவது எல்லாவற்றிலும் மோசம். பழைய கார்களில் பின்னிருக்கையின் நடுவில் மடிப் பெல்ட் மட்டுமே இருக்கும். பூஸ்டரை அங்கே வைக்கக் கூடாது, அதற்குத் தோள் பெல்ட்டும் வேண்டும். ஜீப்பிலும் பள்ளி வேனிலும் பெல்ட்டே இல்லாதபோது பூஸ்டரால் பயனில்லை. முன்னோக்கிய இருக்கை கிடைத்தால் அதில் உட்கார வையுங்கள், வேறென்ன சொல்ல. வேனில் இல்லை என்பது காரிலும் வேண்டாம் என்பதற்குக் காரணம் ஆகாது.

கேட்காத ஒன்றையும் என் தொழில் காரணமாகச் சொல்லிவைக்கிறேன். எப்போதாவது மோதல் நடந்து, குழந்தையின் வயிற்றில் குறுக்காகப் பெல்ட் தடம் கன்றிச் சிவந்து தெரிந்தால், அவள் எழுந்து நடந்தாலும் சிரித்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். குடல் காயம் சில மணி நேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும். முதுகு வலிக்கிறது என்றால் அவளை நடக்கவிடாமல், படுக்கவைத்தபடியே கொண்டுபோக வேண்டும்.

கடைசியாக மகனின் பங்கு. நான்கு வயதுக்காரனுக்கு, தோளையும் இடுப்பையும் தனி வார்களால் கட்டும் குழந்தை இருக்கையே அதன் எடை வரம்பு முடியும் வரை நல்லது. பெல்ட்டுக்குள் அசையாமல் இருக்கும் பொறுமை அந்த வயதுக்கு வராது. அவனுக்கு எடை 15 கிலோவைத் தாண்டி, அந்த இருக்கை போதாமல் போன பிறகு, அக்காவின் முதுகுள்ள சீட்டைத் தரலாம். அதற்குள் அவளுக்கு முதுகில்லாத பூஸ்டர் வந்திருந்தால் இருவருக்கும் சண்டையும் இருக்காது. கொடுக்கும் முன் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள்: எடை அல்லது உயர வரம்பு அதில் இருக்கும், பல சீட்டுகளில் காலாவதித் தேதியும் இருக்கும். பெரிய மோதலில் சிக்கிய சீட்டாக இருந்தால் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள். யாரும் உட்காராமல் சும்மா கிடக்கும் பூஸ்டரையும் பெல்ட்டால் கட்டி வையுங்கள், இல்லையென்றால் டிக்கியில் போடுங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் அது முன்னால் இருப்பவரின் பின்தலைக்குத்தான் பறக்கும்.